டேப் ரிக்கார்டருக்கு வாய் இல்லை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். வில்லாபுரத்தில் இரண்டாம் வகுப்புப் படித்த என் மகள் செல்வி, டீச்சர் புதிதாகக் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் கதை ஓடினால் மட்டும் பதில் சொல்லாமல் விழிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. மிரண்டுவிட்டாள் என்று தாயத்துக் கட்டினேன். பிறகு பள்ளிக்கே போனேன்.

“டீச்சர், எம்புள்ள அந்தப் பெட்டிக்குப் பயப்படுறா. அவள மட்டும் வெளிய உக்கார வைங்க.”

“பயமில்லக்கா. நான் கதை சொன்னா என் வாயவே பாத்துக்கிட்டு அம்புட்டுக்கும் பதில் சொல்றா. பெட்டிக்கு வாய் இல்லையே. அதான் சந்தேகமா இருக்கு.”

டீச்சர் செல்விக்குப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மற்றப் பிள்ளைகள் திரும்பினார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

“காதுல சீழ் வடிஞ்சப்பவே கூட்டியாந்திருக்கணும்மா. இனி கேக்குற சக்தி முழுசாத் திரும்பாது” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எல்லாவற்றுக்கும் பயந்த நான், சீழுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிட்டு இருந்துவிட்டேன். கூப்பிட்டால் வராத திமிர் என்று அவளை அடித்தும் இருக்கிறேன்.

இப்போது டேப் ஓடும்போது டீச்சர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அதே கதையை வாயசைத்துச் சொல்கிறார். நானும் அடுப்பை விட்டு எழுந்து வந்து, முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுகிறேன். செல்விக்கு அடுத்துப் பிறந்த சின்னவளுக்குத் தலை பின்னும்போது பின்னாலிருந்து மெல்லப் பெயர் சொல்லிப் பார்ப்பேன்.

“என்னம்மா, சும்மா சும்மா கூப்பிடுற?” என்று சலித்துக்கொள்வாள். அதைக் கேட்ட பிறகுதான் ரிப்பன் கட்டுகிறேன்.