மூன்றாவது தலையணை

என் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பீரோவை நகர்த்தினால்கூட, பின்னால் ஒருவர் நின்று "வரலாம், வரலாம்" என்று சொன்னால்தான் நகர்த்துவார். விடுமுறை நாளில் தெருமுனைக்குக்கூட என்னை அழைத்துப் போகாத அந்த மனிதர் திடீரென்று, "படுக்கை வச்ச வேன் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, நாம ரெண்டு பேரும் மலைப்பக்கம் சுத்திட்டு வரலாமா?" என்றார். எனக்குப் பொறி தட்டியது. ஆடைத் தொழிற்சாலையில் தையல் குறை பார்ப்பவள் நான். எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டேன்.

வரைபடத்தை விரித்து அருவி, ஏரி என்று விரலை ஓட்டினார். என் கண் அவர் கட்டிவைத்த மூட்டையில் இருந்தது. தட்டு மூன்று. தலையணையும் மூன்று.

"ஏங்க, மூணாவது ஆள் யாரு?"

"யாருமில்லையே," என்றார். காது சிவந்துவிட்டது.

"உங்க காதே சொல்லுது. யாரு?"

"நம்ம கண்டக்டர்தான். இத்தனை வருஷம் அவன் விசில் ஊதித்தானே வண்டிய பின்னாடி எடுத்தேன்? மலையில அவன் இல்லாம எப்படி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டக்டர் முன்கூட்டியே கொடுத்தனுப்பிய விசிலும் மூட்டைக்குள் கிடந்தது. எடுத்து ஓங்கி ஒரு ஊது ஊதினேன். நாற்காலியில் இருந்தவரின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது, பிரேக்கை அழுத்துவதுபோல.

"நான் ஊதினாலும் வண்டி நிக்குதுல்ல?" என்றபடி ஒரு தலையணையை உருவி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.