தேசிக்காயும் அப்பச்சோடாவும்

எனக்கு நாற்பத்திரண்டு வயதாகி, வீட்டில் கல்யாணப் பேச்சை எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். சுருவில் கிராமத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து வந்தேன். என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் ஒருநாள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். தெற்கே ஒரு பட்டினத்தில் நெடுங்காலம் கடை நடத்திவிட்டு நயினாதீவுக்குத் திரும்பி வந்தவர். நாற்பத்தாறு வயது. அவரும் தனி ஆள்.

"பொம்பிளை பாக்கிறது எண்டெல்லாம் வேண்டாம். அடுத்த கிழமை ஞாயிறு சாட்டிக் கடற்கரைக்கு வாரும். சும்மா கதைச்சுப் பாரும்" என்றார்.

ஓம் என்றுவிட்டேன்.

என்னைவிடத் தம்பியின் மனைவிக்குத்தான் சந்தோசம். என்னைக் கதிரையில் இருத்தி, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சாறி பிரச்சினையில்லை மச்சாள். பல்லைத்தான் ஏதாவது செய்யவேணும்."

அவள் சொன்னது பொய்யில்லை. நாளுக்கு ஆறு தேத்தண்ணி குடித்து என் பற்கள் பழைய கொப்பித் தாளின் நிறத்துக்கு வந்திருந்தன. சிரிப்பு வந்தால் கை தானாக வாயைப் பொத்தும்.

அன்றைக்கே தேத்தண்ணி நின்றது. எனக்கும் அவள் மச்சாள்தான். மச்சாள் தொலைபேசியில் வீடியோக்களைப் பார்த்து வைத்தியம் தொடங்கினாள். முதலில் தேங்காயெண்ணெய். விடியவே ஒரு கரண்டி எண்ணெயை வாயில் விட்டுப் பத்து நிமிடம் கொப்பளிக்க வேண்டும். இரண்டாம் நாள், வாய் நிறைய எண்ணெயோடு முற்றத்தில் நிற்கையில் முன்வீட்டுப் பெண் வாசல் படலையடிக்கு வந்தாள்.

"ரீச்சர், என்ரை பிள்ளையள் ரெண்டு பேருக்கும் சனிக்கிழமையில கணக்குச் சொல்லிக் குடுப்பியளோ?"

பொறுங்கோ என்று சொல்வதாக நினைத்துத் தலையை ஆட்டினேன். அவள் முகம் மலர்ந்து போய்விட்டாள். நான் வாழையடியில் துப்பிவிட்டு ஓடி வந்து பார்க்க, ஒழுங்கையில் ஆளில்லை. அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தச் சனிக்கிழமையே கொப்பியோடு வந்துவிட்டார்கள்.

பிறகு சிரட்டைக்கரி. பல் வெளுத்ததோ தெரியாது, பல்லைச் சுற்றியிருந்த முரசு கறுத்தது. தம்பி வேலைக்குப் போக வெளிக்கிட்டபோது என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக மோட்டார் சைக்கிளை எடுத்தான். படலை தாண்டியும் அவன் சிரிப்புக் கேட்டது. வாழைப்பழத் தோலும் பார்த்தோம். அதனால் நன்மையுமில்லை, தீமையுமில்லை.

கடைசியில் தேசிக்காய் பிழிந்த புளியும், அப்ப மாவில் போடும் அப்பச்சோடாவும். வாயில் வைத்ததும் நுரைத்தது. கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. பேராசை பிடித்துவிட்டது. காலையும் மாலையுமாக நாலு நாள் தேய்த்தேன். ஐந்தாம் நாள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க ஏலாமல் பல்லெல்லாம் கூசியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

சாட்டியில் ரீச்சரும் மச்சாளும் மரநிழலில் பாய் விரித்து இருந்துகொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கரையோரமாக நடந்தோம். நான் செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருந்தேன். அவர் றோட்டோரம் நின்ற ஐஸ்கிறீம் வானுக்குப் போய் இரண்டு கோன் வாங்கி வந்தார். மற்றக் கையில் ஒன்றை வாங்கினேன். ஆனால் வாயில் வைக்கப் பயம்.

"உங்களுக்கு ஐஸ்கிறீம் பிடிக்காதோ?"

"பிடிக்கும். பல்லுக் கூசுது."

"ஏன், சூத்தைப் பல்லோ?"

ஓம் என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்கப் பொய் சொல்ல வரவில்லை. எண்ணெய், கரி, வாழைத்தோல், தேசிக்காய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"தேசிக்காய் பொல்லாதது" என்றார். "கடையில ஒருக்கா ஊறுகாய்ப் புளி ஊத்துப்பட்டு, சீமெந்து நிலமே அரிச்சுப் போச்சு. நீர் பல்லிலை பூசியிருக்கிறீர்."

அவர் நீங்களை விட்டு, பழகினவர்களைச் சொல்கிற நீருக்கு வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். ஐஸ்கிறீம் உருகி என் முழங்கை வரை வழிந்தது. அவர் தன்னுடையதை முடித்துவிட்டு, "தாரும், பழுதாகப் போகுது" என்று குனிந்து, என் கையிலிருந்தபடியே நக்கப் பார்த்தார். மூக்கு நுனியில் அப்பிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வெடித்தது. ஒரு கையில் செருப்பு, மறு கையில் கோன். வாயைப் பொத்த வழியில்லை.

அவர் மூக்கைத் துடைக்காமல் நின்று பார்த்தார்.

"இந்தப் பல்லுக்கு என்ன குறை?" என்றார். "அக்கா சொன்னவ, ரீச்சர்மார் அறையில உம்மடை சிரிப்புச் சத்தம்தான் பெரிசு எண்டு. சரிதான்."

திரும்பி வந்ததும் மச்சாள் என்னைத் தனியே இழுத்து, "பல்லுத் தெரிஞ்சுதோ?" என்று கேட்டாள். கடைவாய்ப் பல்லு வரைக்கும் என்றேன்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் பெண் பிள்ளை, புளியும் சோடாவும் இனித் தொடக்கூடாது என்று ஏசினாள். தேத்தண்ணிக் காவியைச் சுரண்டித் துப்புரவாக்கினாள். மிச்ச மஞ்சள் பல்லின் சொந்த நிறமாம். கூச்சம் மாற ஒரு மாதம் எடுத்தது.

ஆவணியில் கல்யாணம். படம் எடுத்தவர் பொறுமையிழந்து, "அக்கா, ஒரு படத்துக்கெண்டாலும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ" என்றார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, அது ஏலாது என்று அவருக்குச் சொல்லிவிட்டார்.