முழு வருகைச் சான்றிதழ்

எங்கள் புந்தோங் வீட்டு வரவேற்பறையில் சாமி படங்களைவிட என் கணவரின் சான்றிதழ்கள்தான் அதிகம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: வருடம் முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்ததற்காக. பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறார். சான்றிதழோடு கண்ணாடித்தாள் சுற்றிய ஹேம்பர் கூடை ஒன்றும் தருவார்கள். பிஸ்கட் டின், சிரப் போத்தல், யாரும் தொடாத ஓட்ஸ் பாக்கெட். அந்த ஓட்ஸை நான் வருடாவருடம் பக்கத்து வீட்டு அக்கா தலையில் கட்டிவிடுவேன். அவர் அதைக் கோயில் அன்னதானத்தில் சேர்த்துவிடுவார்.

விடுப்பு என்ற சொல்லே இவருக்கு ஆகாது. இவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்கவில்லையென்றால் அன்றைய பொழப்பு போச்சு. அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடியிருந்த லயமும் இடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பெரட்டு மட்டும் இந்த மனுஷன் மண்டைக்குள் தினமும் நடக்கிறது.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேர் பிறந்தபோதும் இவர் தெலுக் இந்தானிலோ பாரிட் புந்தாரிலோ ஏதாவது ஒரு வெளியூர் ஸ்டேஷனில் எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார். மூத்தவளை இரண்டாம் நாள்தான் பார்க்க வந்தார். வார்டு முழுக்கப் பெட்ரோல் வாடை. தாதி ஒருத்தி, "மொதல்ல போயி குளிச்சிட்டு வாங்கண்ணே!" என்று விரட்டிவிட்டாள்.

அந்த மூத்தவள் இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கேயே காய்கறிக் கிடங்கில் வேலை. கொரோனா கொஞ்சம் அடங்கியிருந்த நேரம், அவளுக்கு ஆறாம் மாதம். ஒரு நாள் காருக்குள்ளிருந்து அழைத்தாள்.

"அம்மா, இங்க எண்ணெ இல்லம்மா. பெட்ரோல் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு மணி நேரமா லைன்ல நிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றவள் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் இவளை விமானம் ஏற்றியபோது, "இனிமே அவளுக்கு என்ன கொற?" என்று சொந்தக்காரர்கள் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவோ, "ஒரு டின்னுல ஊத்தி அனுப்பலாமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

இவர் போனைப் பிடுங்கினார். "ஏன், கப்பல் வரலியா?"

"கப்பல்லாம் வந்திருச்சிப்பா. டிப்போ நெறய எண்ணெ இருக்கு. டேங்கர் ஓட்டத்தான் ஆள் இல்ல. ஐரோப்பாவே வேணாம்னு இவங்க பிரிஞ்சி வந்துட்டாங்கல்ல? ஓட்டிக்கிட்டு இருந்த ஐரோப்பாக்காரங்கள்ல பாதிப் பேரு அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. கோசு அறுக்க ஆள் இல்ல. எங்க ஹோம்லயும் ஆள் இல்ல, நான் டபுள் ஷிப்ட் பாக்குறேன்."

எண்ணெய் இருந்தும் ஓட்ட ஆளில்லை என்பதை இவரால் தாங்கவே முடியவில்லை. யாரோ இவரையே திட்டியதுபோல் முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் மகள் சொன்னாள்: "அப்பா, டெலிவரிக்கு அம்மா மட்டும் வந்தா பத்தாது. நீங்களும் வரணும். நான் பொறந்தப்பதான் நீங்க வரல."

இவர் "ம்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தார். சாப்பிடும்போது சொன்னார்: "லீவு கேக்க எனக்கு வாய் வராது, டீச்சர்." நான் பாலர் பள்ளியில் பாடம் எடுப்பவள். கல்யாணமான நாள் முதல் எனக்கு வீட்டிலும் டீச்சர் என்றுதான் பெயர்.

மறுவாரம் செய்தியில் வந்தது. வெளிநாட்டு லாரி ஓட்டுநர்களுக்கு இங்கிலாந்து தற்காலிக விசா தருகிறதாம். வரலாம், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டலாம், பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். சமையலுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள், பந்தியில் மட்டும் இலை கிடையாது. வெட்கங்கெட்ட அழைப்பு! ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தில் ஆயிரம் வாட் விளக்கு.

"வேலைன்னா போலாம்லா, டீச்சர்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த மக கூப்பிட்டா வாய் வராது. தொரமாரு கூப்பிட்டா மட்டும் காலு தானா ஓடுதோ?"

"ரெண்டும் ஒண்ணாத்தான நடக்குது? நான் பாட்டுக்கு ஓட்டுவேன், அப்படியே புள்ளயப் போயிப் பாப்பேன்." விடுப்பு எடுக்காமலே தகப்பனாகிவிட ஒரு வழி கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

கோப்பிக் கடையில் இவருடைய கூட்டாளி எல்லோர் முன்னாலும் கைகொடுத்தாராம். "மச்சான், நம்ம பாட்டன கப்பல்ல ஏத்துனானுங்க. ஒன்ன பிளேன்ல ஏத்துறானுங்க. முன்னேறிட்டோம்லா!"

கோலாலம்பூர் ஏஜெண்டு ஒருவர் வீடியோ நேர்காணலுக்கு நாள் குறித்தார். பயிற்சி என் பொறுப்பு. நோய்க்காலத்தில் அஞ்சு வயசுப் பிள்ளைகளையே திரை முன்னால் உட்கார வைத்தவள் நான், இவர் எம்மாத்திரம்? "ஒங்கள ஏன் எடுக்கணும்னு கேட்டா, லீவே எடுத்ததில்லன்னு சொல்லுங்க. செவுத்தக் காட்டுங்க." சான்றிதழ்கள் எல்லாம் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டவளும் நான்தான். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு எனக்கு யாராவது ஹேம்பர் தரவேண்டும்.

சாயங்காலம் நாலு மணி. இவர் கல்யாண வீட்டுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சத்தம் வருமென்று விசிறியை நிறுத்திவிட்டேன். கேமராவில் படாமல் மடிக்கணினிக்குப் பின்னால் நான். திரையில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள், அங்குள்ள ஏதோ லாரிக் கம்பெனியிலிருந்து. முதலில் லைசென்சு, வால்வு, தீயணைப்பு என்று கேட்டார். இவர் பொளந்து கட்டினார். பிறகு, எத்தனை மணி நேரம் ஓட்டிவிட்டு ஓய்வெடுப்பீர்கள் என்றார்.

"நோ ரெஸ்ட், மேடம். சிக்ஸ்டீன் ஹவர் ஆல்சோ கென்."

அம்மாள் ஏதோ எழுதினார். உடம்பு சரியில்லை என்றால்?

"டூ டேப்லட், மேடம். தென் டிரைவ்."

குடும்பத்தில் அவசரம் என்றால்? இவர் இதற்குத்தான் காத்திருந்தவர் போல முதுகுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். "த்ரீ சில்ட்ரன் பார்ன், மேடம். த்ரீ டைம் ஐ டிரைவிங். நாட் ஒன் டே லீவ்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: அப்போது உங்கள் மனைவியோடு யார் இருந்தார்கள்?

இதற்கு நான் பயிற்சி கொடுக்கவில்லை. இவர் திரைக்கு மேலாக என்னைப் பார்த்து, தமிழிலேயே கேட்டார். "ஒன் கூட யாரு இருந்தா, டீச்சர்?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். அதுவும் ஒரு வெள்ளைக்காரி எடுத்துக் கொடுத்து!

"ரெண்டு தடவ பக்கத்து வீட்டு அக்கா," என்றேன். "மூணாவதுக்கு யாரும் இல்ல. நானேதான் டாக்சி புடிச்சிப் போனேன்."

எழுந்துபோய் விசிறியைப் போட்டேன். நேர்காணலும் அத்தோடு முடிந்தது.

மரியாதையான கடிதம் ஒன்று வந்தது. அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நின்றே ஆகவேண்டுமாம். ஓய்வெடுக்காத ஓட்டுநர் ஆபத்தானவராம், மன்னிக்கவும். நாடே எண்ணெயில்லாமல் தெருவில் நிற்கும்போதும், இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோப்பிக் கடையில் இரண்டு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை.

ஒரு நாள் இவர் கம்பெனியிலிருந்து விடுப்பு விண்ணப்பப் பாரம் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். காரணம் என்ற இடத்தில், அவருடைய கோணல் கையெழுத்தில், 'மகள் பிரசவம்' என்று மலாயில் ஏற்கெனவே எழுதியிருந்தார். "மத்தத நீ எழுது," என்றார்.

மறுநாள் திரும்பி வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஆள் பத்தலயாம். ரெண்டு பேரு சிங்கப்பூருக்கு ஓடிட்டானுங்களாம். பாஸ் வருசப் பொறப்பு போகட்டும்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு புள்ளைக்கும் நான் ஓட்டுனேன், பாஸ். பேரப்புள்ளைக்கு நீங்க ஓட்டுங்கன்னேன்."

நான் இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

நாங்கள் இருவரும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் மகளுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை கிடங்கில் இருந்தார். கிறிஸ்துமஸ் நெருக்கடி, ஆள் இல்லை, ஷிப்ட் முடியாமல் விடமாட்டார்களாம். ஆஸ்பத்திரியில் மகளோடு நான் உள்ளே இருந்தேன். வெளியே நடைகூடத்தில் இவர் உட்காரவே இல்லை. முக்கால் மணி நேரம் நிற்கச் சொன்ன நாட்டில் ஏழு மணி நேரம் நின்றார். பேத்தி பிறந்ததும் அவளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தேன். குளித்துவிட்டுத்தான் வந்திருப்பதாக என்னிடம் இரண்டு முறை சொன்னார். கண்ணில் தண்ணீர் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் மகளிடம் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை ஓடிவந்தார். சட்டையெல்லாம் கோசு வாடை. "லீவு தரல மாமா. ஆள் இல்லன்னுட்டாங்க," என்று அவர் தேம்புவது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"காரணம் எல்லாம் உள்ள போயி சொல்லாதீங்க மாப்ள. மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. நான் ஒங்க அத்தகிட்ட கேட்டேன். ஒண்ணும் கொறஞ்சி போவல."

பொய்! பச்சைப் பொய்! இந்த மனுஷன் என்னிடம் கேட்டதே இல்லை. கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை என்னைத் தாண்டி உள்ளே ஓடினார். பேத்தியை மார்போடு அணைத்தபடி இவர் மாட்டிக்கொண்டு முழித்தார்.

"இப்ப கேட்டதா வச்சுக்கயேன், டீச்சர்."

"வச்சுக்க மாட்டேன்," என்றேன். "ஒழுங்கா கேளுங்க."

கேட்டார்.