ஒரு ஸ்விட்சுக்கு இரண்டு விளக்கு

கறுப்புக் குமிழ் போலப் புடைத்திருக்கும் அந்தக் காலத்து ஸ்விட்சை அணைக்க மேலே தள்ளினால் 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த பின்கட்டுப் போர்ஷனில் அந்தச் சத்தம் ஹாலில் கேட்டதும் சமையலறையும் சேர்ந்து இருண்டுவிடும். பழுது என்று யாரும் நினைக்க வேண்டாம், சிக்கனத்துக்காகக் கேட்டுப் போட்டுக்கொண்டது.

ஒயரிங் கூலியை அன்றும் 'பாயிண்ட்' கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு விளக்கு, அதற்கொரு ஸ்விட்ச், இடையில் ஓடும் ஒயர் எல்லாம் சேர்ந்து ஒரு பாயிண்ட். ஏற்கெனவே உள்ள ஸ்விட்சிலேயே இன்னொரு விளக்கையும் கோத்துவிட்டால் அது 'லூப்பு', கூலி பாதி. அரசு அலுவலகத்தில் இத்தகைய மதிப்பீடுகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், விதிப்படி இது முற்றிலும் சரி. சமையலறைக்குள் யார் நிற்கிறார்கள் என்று விதி கேட்பதில்லை.

வீட்டுக்காரர் சுவரைத் தந்தார், செலவைத் தரவில்லை. வேலைக்கு வந்தவர் திருவல்லிக்கேணி கபூர் பாய். "இன்னா சாமி, கிச்சனுக்குத் தனியா போட்டுடவா, லூப்பு அடிச்சுடவா?" என்று ஏணி மேலிருந்து கேட்டார்.

"லூப்பே போறும். வாடகை வீட்டுச் சுவருக்கு எவன் நகை பண்ணிப் போடுவான்?" என்றார் அப்பா.

"சுவருக்கு இல்ல சாமி, வீட்டம்மாவுக்கு."

"அவ கேட்டாளா உம்மை?"

பாய்க்குக் காபி கொண்டுவந்து நின்றிருந்த அம்மா, டம்ளரை ஏணியடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா எட்டரை மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். அம்மாவின் வேலை அப்போது பாதியில் நிற்கும். "இங்க இருக்கேன்னா!" என்று உள்ளிருந்து குரல் வரும். சில நாள் விளக்கு மறுபடி எரியும், சில நாள் அப்பா அதற்குள் குறட்டை விட்டிருப்பார். ஒரு மழைக்காலத்தில், கொதிக்கும் பாலை அவள் இறக்கிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது.

கட்டுப் போட்ட கையோடு அம்மா முதன்முறையாக வாய்திறந்தாள். "நேக்குன்னு ஒரு ஸ்விட்ச் போட்டுக் குடுத்துடுங்கோ." பாய் வந்து பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். முதலிலேயே போட்டிருந்தால் பாதிக் கூலிதான் கூடியிருக்கும். இப்போது ஒயருக்காகச் சுவரில் அடித்த மரப்பட்டையைப் பிரித்துப் புது ஒயர் இழுக்க, முழு பாயிண்டுக்கும் மேலே ஆகும். அப்பா யோசித்து, செலவில்லாத வழியொன்றைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஸ்விட்சில் கைவைத்தபடி, "அணைக்கலாமா?" என்று கேட்கத் தொடங்கினார்.

அப்பா கேட்டு இல்லையென்று சொல்லி அம்மாவுக்குப் பழக்கமில்லை. "அணையுங்கோ" என்பாள். பிறகு அந்த இருட்டில், பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துவிடாமல் அவள் தேய்த்துக் கவிழ்ப்பதைப் பாயில் படுத்தபடி நான் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே அப்பா நம்பினார்.

அம்மா அந்த வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள், தனி ஸ்விட்ச் இல்லாமலே. காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன அன்று, அப்பா வழக்கம்போல் ஸ்விட்சில் கைவைத்து, உள்பக்கம் பார்த்து, "அணைக்கலாமா?" என்றார். ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கரண்ட் பில்லைப் பைசா சுத்தமாகப் பார்த்த அந்த மனிதர், அதன்பின் தான் இருந்தவரை ஹால் விளக்கை அணைக்கவே இல்லை. ஆளில்லாத சமையலறையின் விளக்கும் சேர்ந்து விடிய விடிய எரிந்தது.

இன்று எஸ்டிமேட் வாட்ஸப்பில் வருகிறது. பாயிண்டுக்கு ஒரு ரேட், ஒயரைப் புதைக்கச் சுவரில் காடி எடுக்கத் தனி, டைல்ஸை உடைத்தால் தனி, வந்து எட்டிப் பார்ப்பதற்கே ஒரு கட்டணம். அக்கம்பக்கத்தார் என்னிடம் காட்டி, "கொள்ளையடிக்கிறான் சார்" என்கிறார்கள். சிம்னிக்கும் மிக்ஸிக்கும்கூடத் தனித்தனி பாயிண்ட் இருக்கிறது. லூப்பு என்ற சொல்லையே காணோம். சரியாகத்தான் போட்டிருக்கிறான் என்று சொல்லி அனுப்புகிறேன். எங்கள் போர்ஷனை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். அம்மா நின்ற இடம் இப்போது கார் நிறுத்துமிடம். ஆள் நுழைந்தால் அங்கே விளக்கு தானாக எரிகிறது. அந்த ஆள் வெளியே போன பிறகுதான் அணைகிறது.