தம்பி மறைத்த நோய்

எச்.ஐ.வி. மருந்து ஆராய்ச்சியிலேயே வெளிநாட்டில் காலம் கழித்தவள் நான். போர் முடிந்து, எங்கள் குடும்பம் மன்னார்க் கரையில் மீள்குடியேறிய பிறகுதான் ஊருக்கு வந்தேன். அதற்குள் தம்பி இறந்துவிட்டான். காசநோய் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அன்று தம்பியின் மனைவி கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னாள்: "மச்சாள், அவருக்கு வந்தது நீங்கள் மருந்து தேடுற அந்த வருத்தம்தான். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு மன்றாடினவர்."

"ஏன்?"

"அக்கா என்னை அருவருப்பாவோ எண்டு அழுதவர். வெளியில தெரிஞ்சிடுமெண்டு ஆஸ்பத்திரிக்கும் போகேல்லை."

மருந்து இலவசமாகவே கிடைத்த காலம் அது.

"நீர் ரத்தம் சோதிச்சனீரோ?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். மறுநாள் நானே சோதனைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கும் தொற்று இருந்தது. இன்று மருந்தெடுத்துக்கொண்டு நலமாயிருக்கிறாள்.

அந்த நோயைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். தம்பியிடம் ஒருநாளும் பேசியதில்லை.