பாட்டில் இல்லாத பகல்

காரைக்காலில் சரக்கு மலிவு. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். நான் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்.

எங்களைப் போன்றவர்களிடம் இங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலில் பாட்டில். அப்புறம்தான் தோளில் கை. மறுநாள் யாராவது கேட்டால் போதையின் மேல் பழியைப் போட்டுவிடலாம். யாரும் கேட்காவிட்டால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

திருமலைராயன்பட்டினத்தில் லோடு ஆட்டோ ஓட்டும் ஒருத்தனோடு பல வருடம் அப்படித்தான். நிதானத்தில் ஒரு தடவைகூட நாங்கள் சந்தித்ததில்லை.

எனக்குக் கண் மஞ்சளித்தது. கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"எதுக்கு இவ்ளோ குடிக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

உடம்பு வலி என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"ஆம்பளங்ககிட்ட போவேங்க. குடிக்காம போக முடியல."

வாசலில் வரிசையில் நின்ற ஒருத்தன் எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

"அது வியாதி இல்ல. அதுக்கு மருந்தும் கெடையாது," என்றார். "கல்லீரல்தான் கெட்டுருக்கு. அதுக்குத் தரேன். இனிமே குடிச்சா பொழைக்க மாட்டீங்க."

சரி என்றேன். சாவுக்குப் பயமில்லை. பாட்டில் இல்லாவிட்டால் அந்த ஆட்டோக்காரன் வரமாட்டானே என்றுதான் இருந்தது.

உடம்பு தேறியதும் அவனைக் கடற்கரைக்கு வரச் சொன்னேன். பட்டப்பகல். சட்டைக்குள் ஒரு குவார்ட்டரோடு வந்தான்.

"நான் விட்டுட்டேன்டா."

"அப்ப எதுக்குடா வரச் சொன்ன?"

"ஒன்னப் பாக்கத்தான்."

திரும்பி வண்டியைப் பார்த்து நடந்தான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. கெஞ்சவும் இல்லை. பாட்டிலை வண்டிக்குள் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பகல்ல பாத்தா கெழவனாட்டம் இருக்கடா."

"நீ மட்டும் என்ன, மாப்புள்ளையாட்டமா இருக்க?"

சிரித்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்கள் குறுக்கே போனார்கள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவன் இன்னும் குடியை விடவில்லை. என்னைப் பார்க்க வரும் நாளில் மட்டும் தொடுவதில்லை. அது போதாது என்று திட்டுகிறேன். "சொல்லிட்டாரு பெரிய டாக்டரு," என்கிறான். ஆனால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறான்.

நிதானத்தில் என்னைத் தேடி ஒருத்தன் வருகிறான். எனக்கு அது பெரிய மரியாதை.