ராகு காலத்துக்கு முன் கிளம்பிய கார்

டிரைவிங் டெஸ்ட் காலை ஒன்பதரைக்கு, பாபகூராவில். பிளாட் புஷ்ஷில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஆனால் அன்று திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். போனில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, ஏழு இருபதுக்கே வாசலைத் தாண்டியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எனக்கு அந்த டெஸ்ட் விளையாட்டில்லை. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து கிடைத்த வேலை. அடுத்த வாரம் சேர வேண்டும், அதற்குள் இந்த ஊர் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும்.

எங்களுடையது ஜப்பானில் ஓடி ஓய்ந்தபின் இங்கே வந்த மின்சாரக் கார். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும், இங்கே குளிர்காலமான ஜூலையில் எழுபத்து நாலு கிலோமீட்டருக்குத்தான் வரும் என்று காட்டும். அவர் ஓட்டி வந்து பாபகூராவில் நிறுத்தியபோது நாற்பத்தொன்று காட்டியது. மணி எட்டுகூட ஆகவில்லை. புல்லெல்லாம் உறைபனி. அவர் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தார்.

"கொஞ்சம் குறைங்களேன், சார்ஜ் இறங்குது."

"வண்டி நிக்குதும்மா. ஓடினாத்தானே செலவு? கை விறைச்சுப்போனா ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பே?"

பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் சூடு சும்மா வரும். இதில் அந்தச் சூட்டையும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் சண்டை போட்டால் விளங்காது என்று விழுங்கிக்கொண்டேன். முப்பத்திரண்டு. இருபத்தொன்று. பதினாலு. அவர் சுகமாகக் குறட்டை விட்டார்.

ஒன்பதரைக்கு டெஸ்ட் எடுக்கும் அதிகாரி வந்து டயர், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்பது கிலோமீட்டர் என்று காட்டி மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டெஸ்ட் முடிவதற்குள் நடுரோட்டில் நின்றுவிடும், இந்த வண்டியில் எடுக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த டெஸ்டுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

"நல்லவேளை, ராகு காலத்துல கிளம்பலை. கிளம்பியிருந்தா இன்னும் பெருசா ஏதாவது ஆயிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. அவர் தலையில்.

அங்கே நின்றபடியே வேலை கொடுத்தவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

பக்கத்திலேயே ஒரு சார்ஜரில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வீடு வரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. அவராவது நம்பியதைச் செய்தார், பிறகு தூங்கிவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும். ஒன்றரை மணி நேரம் அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஹீட்டர் பட்டனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.